விக்கிப்பீடியாவின் நடுநிலைச் சண்டைகளும் நாளிதழ்களின் பங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விக்கிப்பீடியாவைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு முறையீடும் கூட வருகிறது: “உண்மையை எழுதினோம், அழித்துவிட்டார்கள்.” எதிர்த்தரப்பைக் கேட்டால் அவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. தாங்கள் நம்புவதை எழுதினார்கள்; அது போய்விட்டது. ஏன் போனது, அதை எப்படி முறையாகக் கேட்பது, இதில் நாளிதழ்களுக்கு என்ன பங்கு என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வெளியிடுவீர்கள் என நம்புகிறேன்.

விக்கிப்பீடியா 2001 ஜனவரி 15 அன்று தொடங்கியது. நடுநிலை நோக்கு என்ற கொள்கையும் அதே ஆண்டில் எழுதப்பட்டுவிட்டது. எழுதுவதற்குச் சான்று காட்ட முடிய வேண்டும் என்ற மெய்யறிதன்மை, சொந்த ஆய்வைக் கொண்டுவந்து வைக்கக் கூடாது என்ற விதி, இவை இரண்டும் அதோடு சேர்ந்தே இயங்குகின்றன. நடுநிலைக் கொள்கை கேட்பது இவ்வளவுதான்: நம்பகமான சான்றுகளில் வெளியான முக்கியமான பார்வைகள் எல்லாவற்றையும் எழுது, அந்தச் சான்றுகளில் அவற்றுக்கு எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவு இடம் கொடு, உன் சாய்வைக் கலக்காதே.

“நடுநிலை” என்ற சொல்லைக் கேட்டதும் ஆளுக்குப் பாதி என்று புரிந்துகொள்வதில்தான் முதல் கோணல் விழுகிறது. தராசை நடுநிலையானது என்கிறோம். ஒரு பக்கம் கல்லும் மறு பக்கம் பஞ்சும் வைத்த பிறகும் இரண்டு தட்டும் சமமாக நின்றால், அந்தத் தராசு பழுது என்றுதான் அர்த்தம். ஆங்கில விக்கிப்பீடியாவின் கொள்கைப் பக்கம் இதற்குத் தரும் எடுத்துக்காட்டே போதுமானது: பூமி பற்றிய கட்டுரையில், பூமி தட்டையானது என்று இன்றைக்கும் நம்புவோரைப் பற்றிய பேச்சே இல்லை. அந்த நம்பிக்கையைப் பற்றித் தனிக் கட்டுரை உண்டு. அங்கே அது என்ன, யார் சொன்னார்கள் என்றெல்லாம் விரிவாக எழுதலாம். பூமிக் கட்டுரையில் அதற்கு ஒரு பத்தி ஒதுக்கினால், வாசகர் இதில் ஏதோ விவாதம் நடக்கிறது போலும் என்று நினைத்துக்கொள்வார். போலிச் சமநிலையும் ஒரு சாய்வுதான்.

எது பெரிய கருத்து, எது சிறியது என்று யார் முடிவு செய்வது? விக்கிப்பீடியாவை நிறுவியவர்களுள் ஒருவரான ஜிம்மி வேல்ஸ் 2003இல் எழுதிய விளக்கம் இன்றும் கைகொடுக்கிறது. பெரும்பான்மைக் கருத்து என்றால், பொதுவாக ஏற்கப்பட்ட உசாத்துணை நூல்களிலிருந்தே எளிதாக எடுத்துக் காட்டலாம். கணிசமான சிறுபான்மைக் கருத்து என்றால், அதைக் கொண்ட அறியப்பட்ட சிலரின் பெயரையாவது சொல்ல முடியும். இரண்டுமே முடியாவிட்டால், அதற்கான துணைக் கட்டுரை ஒன்று இருந்தாலொழிய அக்கருத்துக்கு விக்கிப்பீடியாவில் இடமில்லை. அது உண்மையா பொய்யா என்ற கேள்வி இங்கே எழுவதே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தாம் சொல்வது உண்மை என்று நிரூபிக்கப் பக்கம் பக்கமாக வாதாடுபவர் தோற்பதும், எதிரில் இருப்பவர் இரண்டு பாடநூல்களைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வதும் இதனால்தான்.

நடைமுறையில் எடையை இப்படிப் பார்க்கலாம். சண்டையில் இருக்கும் பொருளைப் பற்றி, சண்டையில் சேராதவர்கள் எழுதிய பொதுநூல்கள் ஐந்தாறை எடுத்துக்கொள்ளுங்கள்: பாடநூல், அச்சுக் கலைக்களஞ்சியம், ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் மதிப்பாய்வுக் கட்டுரை. அந்தக் குறிப்பிட்ட செய்திக்கு அவை எத்தனை பத்தி ஒதுக்குகின்றன என்று பாருங்கள். முந்நூறு பக்க வாழ்க்கை வரலாற்றில் அரைப் பக்கம் வரும் வழக்கு ஒன்று, விக்கிக் கட்டுரையில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டிருந்தால், அதிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் சான்று இருந்தாலும் கட்டுரை சாய்ந்துதான் இருக்கிறது. தேடுபொறியில் எத்தனை முடிவு வருகிறது என்பது எடை ஆகாது. கட்டுரையைப் பற்றித் தொகுப்பாளர்கள் பேசிக்கொள்ளும் உரையாடல் பக்கத்தில் எத்தனை பேர் கைதூக்கினார்கள் என்பதும் ஆகாது. ஒரே செய்தி நிறுவனம் அனுப்பிய செய்தியைப் பத்து நாளிதழ்கள் அச்சிட்டிருந்தால், அது பத்துச் சான்று இல்லை, ஒன்றுதான். பத்து அடிக்குறிப்புகளை வரிசையாகக் குத்தி வைத்திருக்கும் வாக்கியத்தைக் கண்டால், அந்தப் பத்தையும் திறந்து பார்த்துவிடுவது நல்லது. பெரும்பாலும் ஊற்று ஒன்றாகவே இருக்கும்.

அடுத்தது சொல். தமிழில் எழுதுவோருக்கு இதில் சில தனிச் சிக்கல்கள் உண்டு. ஆங்கில வழிகாட்டிகளை மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு இந்தச் சிக்கல்களைப் பிடிக்க முடியாது. ஆங்கிலத்தில் எல்லா அரசரும் ஒரே வினைமுற்றில் வென்றுவிடுவார்கள். தமிழில் ஒருவர் “வென்றார்”, இன்னொருவன் “தோற்றான்” என்று எழுதிவிட்டால், சான்று எதுவும் தேவைப்படாமலேயே தீர்ப்பு வந்துவிட்டது. ஒரு கட்டுரைக்குள் எல்லோருக்கும் ஒரே விகுதி என்று முடிவு செய்துகொண்டாலே பாதிச் சண்டை அடங்கும். “வந்தாராம்”, “கொடுத்தாராம்” என்பதில் உள்ள அந்த ஆம், கேள்விப்பட்டதைச் சொல்வதோடு ஐயத்தையும் கிளப்பிவிடுகிறது. “எனப்படும்” என்பது சில இடங்களில் பெயரைச் சொல்கிறது, சில இடங்களில் பெயரைக் கேலி செய்கிறது. “வெறும்”, “மட்டுமே”, “கூட” ஆகிய மூன்றையும் தேடி எடுத்துப் பாருங்கள். எண்ணுக்கு முன் “வெறும்” வந்தால், அது குறைவு என்று முடிவு செய்தவர் எழுதியவர்தான்.

சொல்வினைகளும் அப்படியே. “கூறினார்”, “எழுதினார்”, “தெரிவித்தார்” ஆகியவை எந்தப் பக்கமும் சாயாதவை. “சுட்டிக்காட்டினார்” என்றால் சுட்டப்பட்டது அங்கே உண்மையிலேயே இருக்கிறது என்று நாமும் ஒப்புக்கொண்டாயிற்று. “அம்பலப்படுத்தினார்” அதைவிட ஒரு படி மேல். “ஒப்புக்கொண்டார்” என்பது குற்றவாளிக் கூண்டை வரவழைக்கிறது. இறப்பைச் சொல்லும் சொற்களில் “இறந்தார்”, “கொல்லப்பட்டார்” என்பவை நடந்ததைச் சொல்கின்றன. “பலியானார்”, “வீரமரணம் அடைந்தார்”, “தியாகி” போன்றவை எழுதியவர் நிற்கும் இடத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகின்றன. ஒருவரைத் தியாகி என்று ஓர் அமைப்பு அறிவித்திருந்தால், எந்த அமைப்பு, எந்த ஆண்டு என்று எழுதலாம். அப்போது அது செய்தி.

மிக நுட்பமாக ஏமாற்றுவது “உம்” என்ற இடைச்சொல். “அணையைப் பழுதுபார்த்தார்கள்” என்று ஓர் அறிக்கை சொல்கிறது. “அணை உடைந்தது” என்று வேறோர் அறிக்கை சொல்கிறது. இரண்டையும் சேர்த்து “பழுதுபார்த்தும் அணை உடைந்தது” என்று எழுதினால், பழுதுபார்த்தவர்கள் சரியாகச் செய்யவில்லை என்ற மூன்றாவது செய்தி பிறந்துவிடுகிறது. அதை இரண்டு அறிக்கைகளும் சொல்லவில்லை. சொந்த ஆய்வு கூடாது என்ற விதி இதையும் தடுக்கிறது. ஒவ்வொரு பாதிக்கும் அடிக்குறிப்பு இருப்பதால் எழுதியவர் தம் மேல் தவறே இல்லை என்று நினைக்கிறார். அழித்தவர் ஏன் அழித்தார் என்பது அவருக்குப் புரிவதே இல்லை.

கருத்தை எழுதவே கூடாது என்றும் சிலர் எண்ணுகிறார்கள். எழுதலாம், யாருடையது என்று சொல்லி எழுதலாம். “சிறந்த ஆட்டக்காரர்” என்பது புகழுரை. இன்ன ஆண்டில் இன்ன இதழின் வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றார் என்பது யாரும் சரிபார்க்கக்கூடிய செய்தி. “பலரும் கருதுகின்றனர்”, “விமர்சகர்கள் கூறுகின்றனர்” என்றால் எந்தப் பலர், எந்த விமர்சகர் என்று கேட்க வேண்டியிருக்கும். பெயர் இல்லையென்றால் வரியும் வேண்டாம். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. நிலைபெற்ற செய்தியின் மேல் “சில அறிஞர்களின் கூற்றுப்படி” என்று ஒட்டவைத்து, அதைக் கருத்தாகக் குறைத்துவிடுவார்கள். புகைபிடித்தல் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கு யார் கூற்றும் தேவையில்லை. சான்றோடு நேராக எழுத வேண்டும்.

தலைப்புச் சண்டைகள் எல்லாவற்றையும் விட நீளமாகப் போகும். ஏனென்றால் உள்ளே இரண்டு பெயரையும் எழுதிவிடலாம், தலைப்பில் ஒன்றுதான் நிற்கும். போலந்து நகரமான குடான்ஸ்க்கை ஜெர்மானியப் பெயரான டான்சிக் என்று எழுதுவதா என்ற சண்டை ஆங்கில விக்கிப்பீடியாவில் ஆண்டுக்கணக்கில் ஓடியது. 2005இல் வாக்கெடுப்பு வைத்து, 1308 முதல் 1945 வரையிலான காலத்தைப் பற்றி எழுதும்போது டான்சிக், அதற்கு முன்னும் பின்னும் குடான்ஸ்க் என்று வரையறுத்தார்கள். எல்லோருக்கும் அது பிடித்துவிடவில்லை. ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு கட்டுரையிலும் முதலிலிருந்து சண்டை போட வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. கட்டுரை வாரியாகச் சண்டையிடாமல் விதியை ஓரிடத்தில் பேசி முடிப்பது எவ்வளவு உழைப்பை மிச்சப்படுத்துகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன். உக்ரைன் தலைநகரின் கட்டுரைத் தலைப்பை ரஷ்ய வழி எழுத்துக்கூட்டலிலிருந்து (Kiev) உக்ரைனிய வழி எழுத்துக்கூட்டலுக்கு (Kyiv) 2020 செப்டம்பரில்தான் ஆங்கிலத்தில் மாற்றினார்கள். அதற்குள் முக்கியமான ஆங்கிலச் செய்தி நிறுவனங்கள் பல மாறியிருந்தன. கலைக்களஞ்சியம் முன்னால் போவதில்லை, சான்றுகளின் பின்னால் வருகிறது. தலைப்பில் தோற்ற பெயரை வழிமாற்றாக வைத்துவிட்டால் அதைத் தேடி வருபவரும் சரியான பக்கத்துக்கே வந்து சேர்வார். இந்த எளிய ஏற்பாட்டை முதலிலேயே செய்துவிட்டால் வேகம் கொஞ்சம் தணியும்.

“சர்ச்சைகள்” என்று ஒரு தனிப் பகுதி திறப்பதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். திறந்த உடனே அது குப்பைத்தொட்டி ஆகிவிடுகிறது. செய்தியில் வந்த ஒவ்வொரு சிறு உரசலும் அங்கே போய் விழும். ஒரு நிறுவனத்தின் மீது வழக்கு நடந்திருந்தால் அதை அந்த ஆண்டின் வரலாற்றோடு சேர்த்து, தீர்ப்போடு எழுதினால் அதன் எடை தானாகத் தெரியும்.

இனி, சண்டை தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மாற்றுகிறார், மற்றவர் மீளமைக்கிறார், அதாவது பழைய பதிப்புக்கே திருப்பிவிடுகிறார். இந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். மாற்று, மீளமைத்தால் பேசு என்பதுதான் வழக்கம். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் ஒருவர் மீளமைத்தால் தடை விழும். இதில் பலர் தவறிவிடும் இடங்கள் இரண்டு. ஒவ்வொரு முறையும் வேறு வேறு வரியை மீளமைத்தாலும் கணக்கு ஒன்றுதான். 25ஆவது மணி நேரத்தில் நான்காவது முறை செய்வதும், மூன்று முறை உரிமை என்று நினைத்து நாள்தோறும் மூன்று செய்வதும் விதியை ஏய்ப்பதாகவே பார்க்கப்படும். “நான் சொன்னதுதான் சரி” என்பது விலக்கு ஆகாது. அப்பட்டமான நாசவேலை, பதிப்புரிமை மீறல், வாழும் ஒருவர் மீதான சான்றற்ற அவதூறு போன்றவற்றை நீக்குவதற்கு மட்டும் விலக்கு உண்டு. மற்ற மொழிப் பதிப்புகளில் எண்ணிக்கையும் தண்டனையும் மாறலாம். அந்தந்தப் பதிப்பின் கொள்கைப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிர்வாகி (கூடுதல் உரிமைகள் பெற்ற தொகுப்பாளர்) வந்து யாரும் தொகுக்க முடியாதபடி பக்கத்தைப் பூட்டினால், அந்த நேரத்தில் எந்தப் பதிப்பு இருந்ததோ பெரும்பாலும் அதன் மேலேயே பூட்டு விழும். அதை நிர்வாகி ஆதரித்தார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நாளிதழ்களிலும் இந்தத் தவறான செய்தி வருகிறது.

உரையாடல் பக்கத்தில் எழுதும் முறையிலேயே பாதி வெற்றி இருக்கிறது. “இந்தக் கட்டுரை ஒருதலைப்பட்சமானது” என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. எந்த வாக்கியம் என்று அப்படியே எடுத்துப் போடுங்கள். அதில் எந்தச் சொல் உறுத்துகிறது என்று சொல்லுங்கள். சான்றில் என்ன இருக்கிறது என்று பக்க எண்ணோடு காட்டுங்கள். அதற்குப் பதிலாக நீங்கள் முன்வைக்கும் வாக்கியத்தை முழுமையாக எழுதி வையுங்கள். பிறகு சில நாட்கள் காத்திருங்கள். எதிரில் இருப்பவரின் சாதி, கட்சி, ஊர், நோக்கம் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அதை எழுதிய நொடியில் பேச்சு கட்டுரையை விட்டு ஆள் மேல் போய்விடும், திரும்பி வராது. கட்டுரையின் தலையில் நடுநிலை ஐயம் என்ற வார்ப்புருவை (ஆயத்த அறிவிப்புப் பட்டையை) ஒட்டுபவர் காரணத்தை உரையாடல் பக்கத்தில் எழுதியே ஆக வேண்டும். காரணம் இல்லாமலோ பேச்சு ஓய்ந்த பிறகோ அது தொங்கிக்கொண்டிருந்தால் யாரும் எடுத்துவிடலாம்.

இருவருக்குள் தீரவில்லை என்றால், ஆங்கிலப் பதிப்பில் மூன்றாமவர் கருத்தைக் கேட்கும் வழி இருக்கிறது. அதிலும் தீரவில்லையென்றால் பொதுக் கருத்துக் கேட்பு. அது வழக்கமாக 30 நாள் நடக்கும். முடித்து வைப்பவர் தலைகளை எண்ண மாட்டார், வாதங்களையும் சான்றுகளையும் எடைபோடுவார். கேள்வியை எப்படி எழுதுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். “இந்தப் பொய்யான பத்தியை நீக்கலாமா?” என்று கேட்டால் கேள்வியே செல்லாமல் போகும். “மூன்றாம் பத்தி இருக்க வேண்டுமா?” என்று கேட்பதே முறை. தமக்கு வேண்டியவர்களை மட்டும் தனியாக அழைத்து வருவது விதிமீறல். ஒருவரே இரண்டு கணக்கில் வந்து தமக்குத் தாமே ஆமாம் போடும் கைப்பாவைக் கணக்குகள் கண்டுபிடிக்கப்பட்டால், சொன்ன நல்ல வாதமும் சேர்ந்தே போய்விடும். ஆங்கிலப் பதிப்பில் நடுவர் குழு என்று ஒன்று 2004 முதல் இருக்கிறது. அது நடத்தையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும். கட்டுரையில் என்ன எழுதலாம் என்று சொல்லாது.

இவ்வளவு பொறுமையும் பொருந்தாத ஓர் இடம், வாழும் மனிதர்களைப் பற்றிய கட்டுரை. சான்றில்லாத பாதகமான வரியைக் கண்டால் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே நீக்க வேண்டும். 2005 மே மாதம் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலரின் கட்டுரையில், அவரைக் கென்னடி கொலைகளோடு தொடர்புபடுத்தும் பொய்யை யாரோ எழுதினார்கள். அது நான்கு மாதங்களுக்கு மேல் அப்படியே கிடந்தது. இன்றைய கண்டிப்பு அந்த நிகழ்வுக்குப் பின் வந்தது. பணம் பெற்று எழுதுபவர்கள், யாரிடம் பெற்றோம் என்பதை வெளிப்படுத்த வேண்டும் என்று 2014 முதல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் பயன்பாட்டு விதிமுறைகள் சொல்கின்றன. தம்மைப் பற்றியோ தம் நிறுவனத்தைப் பற்றியோ தவறு கண்டால், தாமே தொகுக்காமல் உரையாடல் பக்கத்தில் சான்றோடு வேண்டுகோள் வைப்பதே நல்லது.

வேறுபட்ட எண்ணம் கொண்டவர்கள் ஒரே பக்கத்தில் மோதுவதைக் கண்டு யாரும் கவலைப்பட வேண்டாம். அரசியல் நிலைப்பாட்டில் வேறுபட்டவர்கள் சேர்ந்து தொகுத்த கட்டுரைகள், ஒரே சாய்வுள்ளவர்கள் தொகுத்தவற்றைவிடத் தரமாக இருந்தன என்று 2019இல் ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. கவலைப்பட வேண்டியது எதிர்ப்பே இல்லாத இடத்தைப் பற்றித்தான். குரோவாசிய மொழி விக்கிப்பீடியாவை ஒரே சித்தாந்தச் சாய்வுள்ள ஒரு குழு ஏறத்தாழ பத்தாண்டுகள் தன் கையில் வைத்துக்கொண்டு வரலாற்றைத் திரித்தது என்று விக்கிமீடியா அறக்கட்டளை 2021இல் வெளியிட்ட அறிக்கை விவரிக்கிறது. சில நிர்வாகிகளே அந்தக் குழுவில் இருந்ததால் முறையிடவும் இடமில்லாமல் போனது. தொகுப்பவர்கள் குறைவாக உள்ள எந்த மொழிப் பதிப்புக்கும் இது நேரக்கூடும். கொள்கைப் பக்கங்கள் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், அவற்றை எடுத்துக் காட்டிக் கேட்க ஆட்கள் வேண்டும்.

இப்போது நாளிதழ்களுக்கு வருகிறேன். மேலே சொன்ன எல்லாம் சான்றுகளின் மேல் நிற்பவை. அன்றாட நிகழ்வுகளுக்குச் சான்று பெரும்பாலும் நீங்கள்தான். 2009 பிப்ரவரியில் ஜெர்மனியின் பொருளாதார அமைச்சராகக் கார்ல் தியோடோர் சு குட்டன்பர்க் பொறுப்பேற்றபோது, அவருடைய நீண்ட பெயர் வரிசையில் ‘வில்ஹெல்ம்’ என்ற இல்லாத பெயரொன்றை ஒருவர் ஜெர்மன் விக்கிப்பீடியாவில் நுழைத்தார். பெரிய இதழ்கள் அதைப் பார்த்து அப்படியே வெளியிட்டன. அந்தப் பெயர் உண்மையா என்று விக்கிப்பீடியாவில் ஐயம் எழுந்தபோது, ஓர் இதழின் இணையப் பக்கமே சான்றாகக் காட்டப்பட்டது. பொய் தனக்குத் தானே அடிக்குறிப்பு தேடிக்கொண்டது. அடுத்த மாதம் பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் ஜார் இறந்தபோது, அவர் சொல்லாத மேற்கோள் ஒன்றை ஒரு மாணவர் அவருடைய பக்கத்தில் சேர்த்தார். சான்றில்லை என்று விக்கித் தொகுப்பாளர்கள் அதை நீக்கினார்கள். அதற்குள் பல நாளிதழ்களின் இரங்கல் செய்திகளில் அது ஏறிவிட்டது.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை. விக்கிப்பீடியாவில் பார்த்ததை அப்படியே செய்தியில் எடுத்தாள வேண்டாம். அதன் அடிக்குறிப்பைத் திறந்து, மூலத்தைப் பார்த்து, மூலத்தின் பெயரைப் போடுங்கள். விக்கிப்பீடியாவில் இப்படி எழுதியிருக்கிறார்கள் என்று செய்தி போடும் முன் பக்கத்தின் வரலாற்றைத் திறந்து, அந்த வரி எத்தனை நாளாக இருக்கிறது, யாராவது ஐந்து நிமிடம் முன்புதான் எழுதினார்களா என்று பார்த்துவிடுங்கள். வரலாற்றில் உள்ள ஒவ்வொரு பதிப்புக்கும் மாறாத இணைப்பு இருக்கிறது, அதையே கொடுங்கள். கருத்துக் கட்டுரை, செய்தி, விளம்பரச் சிறப்புப் பக்கம் இவை மூன்றும் இணையத்தில் ஒரே தோற்றத்தில் வருகின்றன. எது எது என்று பக்கத்திலேயே தெரியும்படி அச்சிடுங்கள். அச்சில் திருத்தம் வெளியிட்டால் அதை இணையத்தில் உள்ள பழைய செய்தியிலும் தேதியோடு சேருங்கள். தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய இணைப்புகளை முறித்துவிட வேண்டாம். ஒரு நாளிதழின் காப்பகம் மறையும் நாளில், அதைச் சான்றாகக் கொண்ட வரிகளெல்லாம் சான்றற்றவை ஆகிவிடுகின்றன. அவற்றில் எதை நீக்குவது, எதை வைப்பது என்று அடுத்த சண்டை தொடங்குகிறது.

இப்படிக்கு,
விக்கிப்பீடியா தன்னார்வத் தொகுப்பாளர் ஒருவர்